ஆறாம் இருக்கையிலிருந்து ஒரு சத்தம்

ஒரு கல்லூரியின் கால்பந்து ஸ்டேடியம் பெரிய ஸ்டேடியமா இல்லையா என்று பார்க்க, அதன் இருக்கைகளை எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணட்டும். மிசிசிப்பியில் கோல்வின் என்கிற எங்கள் ஊரில் மொத்தம் ஒன்பதாயிரம் பேர். எங்கள் ஸ்டேடியத்தில் உட்காருகிறவர்கள் அறுபத்தோராயிரம் பேர். மீதிப் பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. சனிக்கிழமை வருகிறார்கள், கார் டிக்கியைத் திறந்து வைத்துக் கோழி வறுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இருப்பதில்லை.

எங்கள் கால்பந்தில் கால் எப்போதாவது ஒருமுறைதான் பந்தைத் தொடும். மற்ற நேரமெல்லாம் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான். பெயர் வைத்தவர் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்டேடியத்துக்கு என் அளவுகோல் வேறு. அறுபதாயிரம் பேருக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்திருந்தால் அது பெரிய ஸ்டேடியம். கத்துவதை யார் வேண்டுமானாலும் கத்திவிடலாம்.

எதிரணி கையில் பந்து இருந்தால் நாங்கள் கத்துவோம். அவர்கள் ஆட்டத்தை நடத்துகிற பையன் சொல்வது அவர்கள் ஆட்களுக்கே கேட்கக் கூடாது. எங்கள் பையன்கள் கையில் பந்து இருந்தால் ஒரு சத்தம் வராது. குழந்தைகூட அழாது, அழுகிற குழந்தையை எடுத்துக்கொண்டு கோல்வினுக்கு யாரும் வருவதில்லை. ஏனென்றால் எங்கள் பையன்கள் வரிசையாகக் குனிந்து நிற்கையில், பந்து நகர்வதற்கு முன் ஒருவன் திடுக்கிட்டு நகர்ந்துவிட்டால் போதும், ஐந்து கஜம் பின்னால் தள்ளிவிடுவார்கள்.

எங்கள் அணியின் பெயர் கோவேறு கழுதைகள். கோவேறு கழுதையை இடது பக்கம் திருப்ப 'ஹா' என்றும், வலது பக்கம் திருப்ப 'ஜீ' என்றும் சொல்ல வேண்டும். எதிரணியைக் கலங்கடிக்க நாங்கள் கத்துவதும் அதைத்தான். பாதி ஸ்டேடியம் ஹா, பாதி ஸ்டேடியம் ஜீ. களத்தின் ஓரத்தில் பிஷப் என்ற நிஜக் கோவேறு கழுதை ஒன்று நிற்கும். அதற்கு அப்போது இருபத்தோரு வயது. அத்தனை வருஷத்தில் யார் ஹா சொல்லியும் அது திரும்பியதில்லை. சொன்னவரைப் பார்த்துவிட்டு, உச்சரிப்பு சரியில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நான் ஒன்பதாம் பகுதியில் சீட்டைப் பார்த்து இடம் காட்டுகிறவன். 1955-இலிருந்து அதுதான் சனிக்கிழமை வேலை. நான் சொல்லப்போகிற விஷயம் 1991-இல் நடந்தது.

அந்தக் கோடையில் ஸ்டேடியத்தின் தெற்கு முனையை அடைத்து மேலடுக்கு கட்டினார்கள். அதுவரை அது லாடம் மாதிரி ஒரு பக்கம் திறந்திருந்தது. எங்கள் சத்தம் அந்த வழியாக வெளியே போய், சோக்வா ஆற்றைத் தாண்டி, அடுத்த மாவட்டத்துக்குப் போகும். அங்கே கிளாடிஸ் என்ற அம்மாள் கொல்லையில் துணி காயப்போட்டபடியே சத்தத்தை வைத்து ஸ்கோர் சொல்வார். ஒருமுறை எங்கள் பலகையில் தப்பாக இருந்ததை ஃபோன் செய்து திருத்தினார். அவர் சொன்னதுதான் சரி. அடைத்த பிறகு சத்தம் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

செப்டம்பரில் முதல் ஆட்டம். எங்கள் பையன்களுக்குக் கோல் கோட்டைத் தொட இரண்டு கஜம் பாக்கி. அறுபத்தோராயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒன்பதாம் பகுதியிலிருந்து, "ஹா...ஆ!" என்று ஒரு குரல். எங்கள் இடதுபக்கத்துப் பையன் துள்ளி முன்னால் விழுந்தான். விசில். ஐந்து கஜம் போயிற்று. ஆட்டமும் போயிற்று.

மொத்த ஸ்டேடியமும் முப்பத்தோராம் வரிசையைப் பார்த்தது. அங்கே ஐந்தாம் இருக்கையில் வெர்னல் டாக்கெட் உட்கார்ந்திருந்தான். குழாய் வேலை செய்கிறவன், நாற்பத்தொரு வயது, தடித்த மீசை. எதிரணியிடம் பந்து இருக்கும்போது அவன் ஹா சொன்னால் ஆம்புலன்ஸ் இடதுபக்கம் திரும்பும். ஊருக்கே தெரிந்த குரல். பக்கத்தில் ஆறாம் இருக்கையில் ஒரு பழைய பழுப்புத் தொப்பி. அது அவன் அப்பா டோயலுடையது. டோயல் இறந்து பன்னிரண்டு வருஷம். வெர்னல் வருஷா வருஷம் அந்த இருக்கைக்கும் சீட்டு வாங்கித் தொப்பியை வைப்பான். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பதினேழாம் வரிசையில் ஒரு ஜாடியே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே சாம்பலாக அதன் சொந்தக்காரர்.

நான் படியேறிப் போனேன்.

"ஏம்ப்பா வெர்னல், புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

அவன் வாயைத் திறந்து காட்டினான். உள்ளே அவித்த வேர்க்கடலை, தோலோடு, கன்னம் இரண்டும் புடைக்க. அதை விழுங்க அவனுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நான் இல்ல மிஸ்டர் லெஸ்டர். சத்தியமா நான் இல்ல."

"உன் குரல்தானேடா அது?"

"என் குரல்தான். ஆனா நான் இல்ல."

பின்வரிசையிலிருந்து மிஸ் எர்லீன் குனிந்தார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தியவர். கோல்வினில் பாதிப் பேர் அவரிடம் உதை வாங்கியவர்கள்.

"கடலை அவன் வாயிலதான் இருந்தது லெஸ்டர். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கேக்கவே சகிக்கல, அப்படி மெல்றான்."

"அப்போ யாரு மேம் கத்தினது?"

மிஸ் எர்லீன் தொப்பியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து மெல்ல ஆரம்பித்துவிட்டார். வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை அவர்.

அக்டோபரில் மறுபடியும் நடந்தது. இந்தத் தடவை வெர்னல் வாயில் கைக்குட்டையைத் திணித்திருந்தான். அதே குரல், அதே ஹா, அதே ஐந்து கஜம். குரல் வந்தபோது கைக்குட்டை அசையக்கூட இல்லை. அதை நான் பார்த்தேன், மிஸ் எர்லீன் பார்த்தார். மற்ற அறுபதாயிரத்துச் சொச்சம் பேர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வெர்னலுக்குக் கடிதம் வந்தது. அனுப்பியவர் விளையாட்டுத் துறைத் தலைவர் ஹென்ட்ரிக்சன். வடக்கே மினசோட்டாக்காரர், தேநீரில் சர்க்கரை போடாதவர். அதையும் நாங்கள் பொறுத்துக்கொண்டிருந்தோம். கடிதத்தில் இப்படி இருந்தது: 'நம் அணியிடம் பந்து இருக்கும்போது ஒன்பதாம் பகுதி, முப்பத்தோராம் வரிசையில் எந்த இருக்கையிலிருந்து இனிமேல் சத்தம் வருகிறதோ, அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் இந்த ஸ்டேடியத்துக்குள் நுழையும் உரிமையை நிரந்தரமாக இழப்பார். அவர் பெயரில் உள்ள இருக்கைகள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்.'

வெர்னல் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். 

"ரெண்டு சீட்டும் போயிடும் மிஸ்டர் லெஸ்டர். தாத்தா வாங்கினது. அப்பாவோட கல்லறைக்குக்கூட நான் போறதில்ல. சனிக்கிழமை அங்க பக்கத்துல உக்கார்றேன், அவ்வளவுதான். அந்த எடத்துல எவனோ ஒரு பல் டாக்டர் வந்து உக்காருவானா?"

"பல் டாக்டர்னு எப்படித் தெரியும்?"

"பட்டியல்ல மொதல் பேரு அதுதான். விசாரிச்சுட்டேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் காலி ஸ்டேடியத்துக்குப் போனோம். வெர்னலுக்கு ஒரு யோசனை இருந்தது. தெற்கே அடைத்துவிட்டதால் அவன் கத்துவது வெளியே போக முடியாமல் சுற்றிச் சுற்றித் தாமதமாகத் திரும்பி வருகிறது என்று. சோதித்துப் பார்க்க நடுவில் நின்று ஒரு ஹா போட்டான். கீழே தொழுவத்தில் பிஷப் இருமிற்று. அப்புறம் நிசப்தம். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு ரொட்டி சாப்பிட்டு முடித்தேன். அரை மணியாயிற்று, முக்கால் மணியாயிற்று. அவன் ஹா வரவில்லை.

வேறொன்று வந்தது.

"கோக்! ஜில்லுனு கோக்!"

நல்ல வெயில். நான் கையை உயர்த்திச் சில்லறையும் எடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும். இங்கே கோக் விற்றுக்கொண்டிருந்த பூஃபோர்ட் என்பவன். எழுபத்து நாலிலேயே வேலையை விட்டுவிட்டு அலாஸ்காவுக்குப் போனவன்.

வெர்னல் என்னைப் பார்த்தான். நான் சில்லறையைப் பையில் போட்டேன்.

"குழாய்லயும் இப்படித்தான்," என்றான் மெதுவாக. "புதுசா ஒரு முனைய அடைச்சா, இன்னைக்கு விட்ட தண்ணி வராது. எப்பவோ உள்ள தங்கின பழைய தண்ணிதான் மொதல்ல வரும்."

"அப்போ அந்த ஹா?"

"பழசு. என்னுது இல்ல. ஆனா எங்க வீட்டுக் குரல்." அவன் தலையைச் சொறிந்தான். "அதுதான் எனக்குப் பிடிபடல. அப்பாவா இருக்க முடியாது. அப்பா கத்தவே மாட்டாரு. பல்லுல ஒரு தீக்குச்சிய கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அவரு சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது."

எனக்கு விஷயம் தெரியும். செப்டம்பரிலேயே தெரியும். ஆனால் செத்தவர் குரல் கேட்கிறது என்று என் வாயால் சொன்னால், ஊரில் எனக்கு ஏற்கெனவே இருக்கிற பெயருக்கு அது நல்லதில்லை. அதனால் அவனை மிஸ் எர்லீன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் சொன்னால் இலக்கணப் பிழைகூட இருக்காது.

அவர் எங்களுக்கு இனிப்புத் தேநீர் கொடுத்துவிட்டு ஒரேயடியாகச் சொன்னார்.

"அம்பத்தெட்டு, வெர்னல். டாரன்ட் காலேஜோட ஆட்டம். உனக்கு எட்டு வயசு, அம்மை போட்டு வீட்டுல கிடந்த. நமக்கு ஒரு கஜம் பாக்கி. இடதுபக்கம் காலியாக் கிடந்தது, ஒரு ஆள் இல்ல. உங்கப்பாவால தாங்க முடியல. எந்திரிச்சு நின்னு 'ஹா'ன்னு கத்திட்டாரு. நம்ம பையன் துள்ளிட்டான். தோத்துட்டோம்."

வெர்னல் தேநீரைக் கீழே வைத்தான்.

"அதுக்கப்புறம் அவரு வாயே தெறக்கல. எதிராளி கையில பந்து இருந்தாக்கூட. யாரும் அவரை ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"இருபத்தோரு வருஷமா?"

"இருபத்தோரு வருஷம்."

நான் சொன்னேன்: "போய் ஹென்ட்ரிக்சன்கிட்ட இதைச் சொல்லிடு. நானும் வர்றேன், மேமும் வருவாங்க. சத்தம் உன்னுது இல்லைன்னு ஆயிடும். சீட்டு தப்பிக்கும்."

வெர்னல் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"என்னன்னு சொல்றது? எங்கப்பாதான் அன்னைக்குத் தோக்கடிச்சாரு, இன்னைக்கும் தோக்கடிக்கிறாருன்னா? அதை மறைக்கத்தானே அந்த மனுஷன் தீக்குச்சியக் கடிச்சாரு. ஊரு மறந்துருச்சு. மறந்ததாவே இருக்கட்டும்."

"சீட்டு போயிடுமேடா."

"போனாப் போகட்டும். நான் கத்தினேன்னே வச்சுக்கட்டும்."

குழாய்க்காரனுக்கு இவ்வளவு கௌரவம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவன் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த ஆளும் குழாய்க்காரர்தான்.

நவம்பர் கடைசி. கடைசி ஆட்டம், டாரன்ட்டோடு. பயிற்சியாளர் இந்த முறை எங்கள் பையன்கள் காதில் பஞ்சு அடைத்து அனுப்பியிருந்தார். சைகையைத் தொடையில் தட்டிச் சொல்வதாக ஏற்பாடு. ஹென்ட்ரிக்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒன்பதாம் பகுதிக்கு ஏறி வந்தார், கையில் அகலமான ஒட்டு நாடாவோடு.

"மிஸ்டர் டாக்கெட், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"ஒட்டுங்க சார்," என்றான் வெர்னல்.

மீசைமேல் ஒட்டினார். எனக்கே வலித்தது. பிறகு ஆறாம் இருக்கையிலிருந்த தொப்பியை எடுத்து வெர்னல் மடியில் வைத்துவிட்டு, தானே அங்கே உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து மிஸ் எர்லீன், "அந்த இடத்துல ஆள் இருக்காங்க," என்றார்.

"நான் பக்கத்துல இருந்தே கண்காணிக்கணும் மேம்."

"உங்க இஷ்டம். நான் சொன்னதை ஞாபகம் வச்சுக்குங்க."

ஆட்டத்தை விவரித்துக்கொண்டிருக்க மாட்டேன். கடைசியில் ஒன்பது விநாடி பாக்கி. நாங்கள் ஐந்து புள்ளி பின்னால். கடைசி வாய்ப்பு, கோல் கோட்டுக்கு ஆறு கஜம் தூரம். எங்கள் பையன்கள் குனிந்தார்கள். அறுபத்தோராயிரம் பேர் வாயை மூடினோம். அந்த மாதிரி நிசப்தத்தில் மேலடுக்கில் ஒருவர் இமை கொட்டுவது கீழே கேட்கும். எனக்குக் கேட்டது, இரண்டு முறை.

வெர்னல் தொப்பியைக் கெட்டியாகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஹா...ஆ...ஆ!"

ஆறாம் இருக்கையிலிருந்து வந்தது. சந்தேகமே இல்லை. ஹென்ட்ரிக்சனின் நெஞ்சுக்கு நேராக, அவர் டை கழுத்தில் ஏறுகிற மாதிரி வந்தது.

களத்தோரம் பிஷப் காதை நிமிர்த்திற்று. இருபத்தோரு வருஷத்தில் முதல் முறையாக, சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் சொல்கிறார் என்பதுபோல, மரியாதையாக இடது பக்கம் திரும்பியது.

அது மட்டும் திரும்பவில்லை. டாரன்ட் வரிசையில் முந்நூறு பவுண்டுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். அவன் வீட்டில் கோவேறு கழுதை இருந்திருக்க வேண்டும். ஏர் பிடிக்கும் அப்பாவும் இருந்திருக்க வேண்டும். ஹா என்று கேட்டதும் யோசிக்காமல் இடது காலை எடுத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டான். எங்கள் பையன்கள் காதில் பஞ்சு. ஒருவனும் நகரவில்லை.

விசில். தண்டனை டாரன்ட்டுக்கு. கோல் கோடு அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் ஐந்து கஜம் கிடையாது, பாதித் தூரம்தான். ஆறு கஜம் மூன்று கஜமாயிற்று.

அந்தப் பையன் மிரண்டுபோய், அதற்கப்புறம் எந்தப் பக்கமும் அசைய மறுத்துவிட்டான். அவன் நின்றும் அவனுடைய பக்கம் காலிதான். எங்களுக்கு அது இடது பக்கமா வலது பக்கமா என்று இன்றுவரை ஊரில் சண்டை. நான் நின்ற இடத்திலிருந்து இடது. எங்கள் பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக நடந்தே போனான் என்று சொல்லலாம். டச் டவுன், ஆறு புள்ளி. டோயல் டாக்கெட் சொன்னதை முப்பத்து மூன்று வருஷம் கழித்து ஒருவன் கேட்டான்.

சத்தம் அடங்கக் கால் மணி ஆயிற்று. அடங்கியதும் மொத்த ஸ்டேடியமும் ஆறாம் இருக்கையைப் பார்த்தது.

"நான் கத்தல," என்றார் ஹென்ட்ரிக்சன்.

நாலைந்து பேர் தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை காட்டினார்கள்.

"நான் வாயே தெறக்கல! மிஸ்டர் டாக்கெட், நீங்களே சொல்லுங்க!"

வெர்னல் நாடாவைச் சுட்டிக் காட்டினான்.

முன்வரிசையில் ஒருவன் திரும்பி, "நல்ல தொண்டை சார் உங்களுக்கு. மினசோட்டான்னாங்க, நம்பவே முடியல," என்று கை கொடுத்தான். இன்னொருத்தி முதுகில் தட்டினாள். அவர் நான் இல்லை நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, தன்னடக்கமான மனிதர் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போது மிஸ் எர்லீன் பையைத் திறந்து, வெர்னல் கொடுத்திருந்த கடிதத்தின் நகலை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"'எந்த இருக்கையிலிருந்து சத்தம் வருகிறதோ, அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவர்.' எழுவாய் யாருன்னு தெளிவா இருக்கு மிஸ்டர் ஹென்ட்ரிக்சன். வாக்கிய அமைப்பு நல்லாவே இருக்கு. நீங்கதான் எழுதினீங்களா?"

ஹென்ட்ரிக்சன் கடிதத்தைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருக்கும் பலகையில் வெள்ளை வண்ணத்தில் எழுதிய 6 என்ற எண்ணைக் குனிந்து பார்த்தார். சட்டென்று எழுந்தார், சூடுபட்ட மாதிரி. விளையாட்டுத் துறைத் தலைவர் ஸ்டேடியத்துக்குள்ளேயே நுழைய முடியாவிட்டால் அவருக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

"அந்தக் கடிதம்..." என்றார்.  "அந்தக் கடிதத்தை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

"எழுத்துல கொடுங்க," என்றார் மிஸ் எர்லீன், பேனாவை நீட்டியபடி.

கொடுத்தார். பிறகு வெர்னல் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்த மாதிரிக் குழப்பத்தை நான் அதற்கு முன் ஒரே ஒருவர் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன், செப்டம்பரில், கடலையோடு.

"மிஸ்டர் டாக்கெட். சத்தியமா நான் இல்ல. நீங்களாவது நம்பறீங்களா?"

வெர்னல் நாடாவைப் பிய்த்தான். பாதி மீசை அதோடு போயிற்று. கண்ணில் தண்ணீர் நின்றது. மீசை போன வலியாகவும் இருக்கலாம்.

"நம்பறேன் சார்," என்றான். "இந்தப் பக்கம் கொஞ்சம் நகருங்க."

தொப்பியை எடுத்து, ஒருமுறை தட்டி, ஆறாம் இருக்கையில் வைத்தான். அப்புறம் என்னிடம் குனிந்து கேட்டான்.

"மிஸ்டர் லெஸ்டர், தீக்குச்சி இருக்கா?"

கொடுத்தேன். பல்லில் வைத்துக் கடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அதை இரண்டாக ஒடித்துக் கீழே போட்டான்.

அதற்குப் பிறகு அந்த ஹா வரவில்லை. அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. எங்கள் பையன்கள் குனியும்போதெல்லாம் வெர்னல் காதை ஆறாம் இருக்கைப் பக்கம் கொஞ்சம் சாய்ப்பான். நானும் சாய்ப்பேன். ஒன்றும் கேட்காது. பிஷப்பும் பழையபடி நேராகத்தான் நின்றது, கடைசிவரை.

பூஃபோர்ட் மட்டும் இன்னும் வருகிறான். நல்ல வெயில் நாளில், ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில், ஜில்லென்று கோக் என்று. இதுவரை பதினோரு முறை சில்லறையை எடுத்துவிட்டேன். அலாஸ்காவிலிருந்து ஆள் வந்து சேர இவ்வளவு நாளாகும் என்றால், கோக் இந்நேரம் சூடாகியிருக்கும்.